துணைவர் உடன் வருகிறாரா?

பிப்ரவரி 8, சனி

டைரி எழுதச் சொன்னது, வெளிநாடு போக விண்ணப்பம் போட்டுக் குடுக்கற ஷெரின் மேடம். தினமும் ஒரு பக்கம் இங்கிலீஷ்ல எழுதுங்க, பரீட்சைக்குக் கை பழகும்னாங்க. நான் தமிழ்லதான் எழுதறேன். இங்கிலீஷ்ல எழுதினா எனக்கு எல்லா நாளும் ‘நல்ல நாள்’னே முடிஞ்சிடுது.

போகப்போற நாட்டோட பேரை இதுல எழுத மாட்டேன். விசா கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, கண்ணு பட்டுடும்னு வீட்டுல முடிவு. டைரிக்குக் கண்ணு இல்லைதான். இருந்தாலும் எதுக்கு வம்பு? குளிர் நாடுன்னு வெச்சுக்கலாம்.

என் பேரு கோகிலவாணி. அவினாசி ரோட்டுல ஒரு பில்டர் ஆபீஸ்ல எஸ்டிமேட் போடறேன். இன்னும் கட்டாத வீட்டுக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டுன்னு சொல்ற வேலை. வீட்டுக்காரர் பூபதி. பம்ப் கம்பெனியில டெஸ்டிங் செக்‌ஷன், பதினாலு வருஷ சர்வீஸ். வீடு துடியலூர். கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. எதிர்வீட்டு அக்கா கேக்கறதுக்கு முன்னாடி நானே எழுதிட்டேன்.

வெளிநாடு போற ஐடியா அவரோடது. நான் சும்மா விசாரிச்சேன், அவ்வளவுதான்.

ஷெரின் மேடம் ஆபீஸ் காந்திபுரத்துல. பாலக்காட்டுக்காரங்க, கறாரான ஆள். திறமையான ஆட்களைத்தான் அந்த நாடு எடுத்துக்குமாம். வயசு, படிப்பு, அனுபவம், இங்கிலீஷ், எல்லாத்துக்கும் மார்க். கூட்டிப் பாத்து வரம்புக்கு மேல இருந்தா வாங்கன்னு சொல்லும், இல்லாட்டி ஒண்ணும் சொல்லாது. பொண்ணு பாக்கற வீட்டைவிட மரியாதையான ஏற்பாடு. காப்பி, பஜ்ஜி செலவும் இல்லை.

கம்ப்யூட்டருக்கு நேரா இருக்கிற நாற்காலியில அவர் உக்காந்தார். பக்கத்துல நான். வயசு முப்பத்தெட்டு, டிப்ளமோ, அனுபவம்னு மேடம் ஒவ்வொண்ணாத் தட்டினாங்க. கடைசியில வந்த மார்க்கைப் பாத்துட்டுத் திரையைக் கொஞ்சம் அவங்க பக்கமே திருப்பிக்கிட்டாங்க.

“இனி மேடத்தோடது சொல்லுங்கோ.”

நான் பி.இ. சிவில், அப்புறம் வேலை பாத்துட்டே எம்.இ. தட்டித் தட்டிப் பாத்தாங்க.

“ஸாரே, மேடம்தான் மெயின் அப்ளிகன்ட். நீங்க டிபென்டன்ட்.”

மெயின் அப்ளிகன்ட் திரையைப் பாக்கணும், இடம் மாறி உக்காருங்கன்னாங்க. அவர் எந்திரிச்சு நாற்காலியை எனக்குத் திருப்பிப் போட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு போனார். தண்ணி கேன் வாசல்லயேதான் இருந்துச்சு. ரொம்ப நேரம் குடிச்சார்.

துணைவர் உடன் வந்தா துணைவருக்கும் இங்கிலீஷ் வேணுமாம். அவர் நாலு பேப்பர்லயும் ஒன்பதுக்கு ஏழு ஏழு வாங்கினா எங்க மொத்தம் வரம்பைத் தாண்டுது, ரெண்டு மார்க் எச்சா. ஆனா ஜூன் ரெண்டாம் தேதிக்குள்ள விண்ணப்பம் போட்டாகணும். அன்னிக்கு எனக்கு வயசு முப்பத்தஞ்சு ஆகுது, அஞ்சு மார்க் போயிடும்.

எனக்கு ஜூன்ல பொறந்த நாளே இல்லைங்கறது வேற விஷயம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்க ஊர் கோபிக்கு போன் போட்டு அப்பாகிட்ட கேட்டேன்.

“ஏனுங்கப்பா, நான் பொறந்தது ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தானுங்க?”

“ஆமா அம்மிணி. வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னிக்கு.”

“எந்த வருஷம்ங்க?”

அப்பா யோசிச்சார். பள்ளிக்கூடத்துல குடுத்த வருஷம் வேற, நிஜ வருஷம் வேற. நாலு வயசுலயே என்னைக் கொண்டுபோய் ஒண்ணாங்கிளாசுல நிறுத்திருக்கார். தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லிருக்கார் ஹெட்மாஸ்டர். நான் தொட்டுட்டேன். உடனே அஞ்சு வயசுன்னு ஒரு ஜூன் மாசத்தைப் போட்டு எழுதிக்கிட்டார். எங்க வகுப்புல முக்கால்வாசிப் பேருக்கு ஜூன்லதான் பொறந்த நாள். பள்ளிக்கூட ஆயாவுக்கு அந்த மாசம் மிட்டாய்க்குப் பஞ்சமே இல்லை.

“கை நீளம் அம்மிணி உனக்கு. அதுக்கு நான் என்ன பண்றது?”

“ஒரு வருஷம் பொறுத்துச் சேத்திருக்கலாமில்லைங்க?”

“வீட்டுல உன்னைய வெச்சு மேய்க்க முடியல கண்ணு. எதுக்கு இப்ப இதெல்லாம்?”

“சும்மாதானுங்க”ன்னு வெச்சுட்டேன். அந்த நாட்டுக்காரங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது. காதைத் தொட்டதுக்கு ஒரு வயசு, ஒரு வயசுக்கு அஞ்சு மார்க்.

பிப்ரவரி 20, வியாழன்

தினமும் ஏழுல இருந்து எட்டு மணி வரைக்கும் வீட்டுல இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்னு திட்டம் போட்டோம். ஒரு வாரமா ஏழுல இருந்து எட்டு வரைக்கும் வீடு அமைதியா இருக்கு.

இன்னிக்கு நானே ஆரம்பிச்சேன். ‘மிஸ்டர் பூபதி, உங்களுக்குப் பிடிச்ச உணவு என்ன?’ ஒன்பது வருஷத்துல அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கு வரல. ‘ரசம்’னார். ஏன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். எட்டு மணி ஆயிடுச்சேன்னார். ஆகல.

மார்ச் 4, செவ்வாய்

விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிக்கிறேன். அவரும் எந்திரிச்சு டீ போட்டு மேசையில வெச்சுட்டு மறுபடி போய்ப் படுத்துக்கறார். நீங்களும் உக்காந்து படிக்கலாமில்லைங்கன்னேன். எனக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடுன்னார். அதுவும் சரிதான், கம்பெனியில வெளிநாட்டு போன் வந்தா இவர்கிட்டத்தான் குடுப்பாங்க.

தண்ணி சுத்திகரிக்கிற மெஷினுக்கு ஆள் வந்தான். ஒரு வருஷ சர்வீஸ் ஒப்பந்தம் போதும்னு சொல்லிருந்தேன். இவர் மூணு வருஷத்துக்குப் போட்டுட்டார். தள்ளுபடி குடுத்தானாம்.

மார்ச் 16, ஞாயிறு

பயிற்சிப் புத்தகத்துல ஒரு கேள்வி: நீங்கள் வாழ விரும்பும் ஓர் இடத்தை வர்ணிக்கவும்.

நான் கடற்கரை, தோட்டம், நூலகம்னு ஒரு ஊரையே கட்டினேன். அவர் முறை வந்ததும், ‘துடியலூர்’னார்.

“புதுசா ஒரு இடம் சொல்லுங்க.”

“துடியலூர்லயே புதுசா பேருந்து நிழற்குடை கட்டிருக்காங்களே.”

பரீட்சையில இப்படிச் சொல்லி வெக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

மார்ச் 29, சனி

பரீட்சை. ரெண்டு பேரும் ஒரே நாள், பேச்சுத் தேர்வு மட்டும் தனித்தனி ரூம். எனக்கு ஒரு வயசான அம்மா. சின்ன வயசு ஞாபகம் கேட்டாங்க, காதைத் தொட்ட கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. நேரம் முடிஞ்சும் கேட்டுட்டிருந்தாங்க.

அவர் எனக்கு முன்னாடியே வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னுட்டிருந்தார்.

“எப்படிங்க?”

“கேட்டான். சொன்னேன்.”

அன்னபூர்ணாவுக்குப் போனோம். எனக்கு ரவா தோசை, அவருக்கு நெய் ரோஸ்ட். வெயில் இப்பவே மண்டையைப் பொளக்குது.

ஏப்ரல் 11, வெள்ளி

ரிசல்ட் வந்துடுச்சு. எனக்கு எல்லாத்துலயும் எட்டு, எட்டரை. ஆபீஸ் பாத்ரூமுக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

அவருக்குக் கேக்கறதுல எட்டு, படிக்கறதுல ஏழரை, எழுத்துல ஏழு. பேச்சுல நாலரை.

நாலரைன்னா, பேரும் ஊரும் தவிர ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம். எகிப்துக்காரனோட ஒரு மணி நேரம் பம்பைப் பத்திச் சண்டை போடற மனுஷன்.

“அவன் பேசினது எனக்குப் புரியல”ன்னார்.

“கேக்கறதுல எட்டு வாங்கிருக்கீங்களே?”

“அது ரெக்கார்டு. இது ஆளு.”

சரிங்கன்னு சொல்லிட்டு இட்லிக்கு ஊறப் போட்டேன்.

ஏப்ரல் 12, சனி

ஷெரின் மேடம் கணக்குப் போட்டுப் பாத்தாங்க. ரெண்டு பேரும் சேந்து போனா வரம்புக்கு ஒன்பது மார்க் கம்மி. மே பத்தாம் தேதி மறுபடி எழுதலாம், ரிசல்ட் நேரத்துக்கு வந்துடும்னாங்க. அப்பக் கம்பெனியில ஆடிட்டுங்க மேடம், லீவு கிடைக்காதுன்னார் இவர்.

மேடம் வேற ஒரு வழி சொன்னாங்க. படிவத்துல ஒரு கேள்வி இருக்கு, துணைவர் உடன் வருகிறாரான்னு. இல்லைன்னு போட்டா என்னைத் தனி ஆளாக் கணக்குப் பண்ணுவாங்களாம். அவர் இங்கிலீஷ் தேவையே இல்லை. நான் முதல்ல போய்ட்டு, பின்னாடி அவரைக் கூப்பிட்டுக்கலாம். தட்டிக் காட்டினாங்க. வரம்புக்கு மேல நாலு.

ரெண்டு பேரும் திரையையே பாத்துட்டிருந்தோம். கட்டின புருஷன் இருந்தா கம்மி, இல்லாட்டி எச்சா. எங்க ஊர்ல எல்லாத்தையும் நேர்மாறாத்தான் கணக்குப் பண்ணுவாங்க. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் தனியாப் போனதுக்கே ‘அவர் எங்க, அவர் எங்க’ன்னு வாசல்லயே நிக்க வெச்சுக் கேட்டாங்க.

“அப்படியெல்லாம் தனியாப் போறதா இல்லைங்க மேடம்”னு சொல்லிட்டு எந்திரிச்சேன்.

அவர் ஹெல்மெட்டை எடுத்துக் குடுத்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. வீட்டுக்கு ஒறம்பரை எட்டுப் பேர் வந்திருந்தாங்க. பாயசத்துல முந்திரி பத்தலைன்னு பேச்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

பரீட்சை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. இன்னும் நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. படிக்க ஒண்ணும் இல்லாததால அந்த நாட்டுல வீடு எப்படிக் கட்டறாங்கன்னு பாத்துட்டிருக்கேன். செங்கலே இல்லை. மரச் சட்டம், நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணை அடைச்சு, மேல பலகை. மூணு படுக்கையறை வீட்டுக்கு ஒரு எஸ்டிமேட் போட்டுப் பாத்தேன். நல்லா வந்துச்சு. பொழுதுபோக்குக்குத்தான்.

டீ இன்னும் வருது. பரீட்சைதான் முடிஞ்சுதே, நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்கன்னேன். “நீ எந்திரிச்சிருக்கியல்ல”ன்னார்.

மே 3, சனி

அவர் ஷட்டில் கிளப்புல ஆயுள் சந்தா கட்டிட்டு வந்தார். அதுலயும் தள்ளுபடியாம். போன வருஷம் முழுக்க மூணு நாள் விளையாடினவர்.

மே 10, சனி

மறுபரீட்சை நாள். ஆடிட்டுன்னு சொன்னவர் பத்து மணிக்கெல்லாம் வீட்டுல ஃபேனுக்கு எண்ணெய் விட்டுட்டிருந்தார். ஆடிட் என்னாச்சுங்கன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கீரை ஆய்ஞ்சுட்டிருந்தேன், அப்படியே விட்டுட்டேன்.

மே 22, வியாழன்

ஆபீஸ்ல முதலாளி கூப்பிட்டு, சம்பளம் ஏத்தறேன், சைட் இன்சார்ஜா ஒரு பையனைப் போட்டிருக்கேன், அவனுக்குக் கீழ இருந்துக்கம்மான்னார். அந்தப் பையனுக்கு வேலை சொல்லிக் குடுத்தது நான்தான். பொம்பளை, வெயில்ல எதுக்கும்மா உனக்குன்னார். அக்கறையாத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மரவீட்டு எஸ்டிமேட்டை எடுத்துப் பாத்தேன். படிக்கட்டுக்குக் கணக்குப் போட மறந்திருக்கேன். சேத்தேன். அப்ப எனக்கு அழுகை வந்துச்சு. எதுக்குன்னு எழுதிடறேன், யாரு பாக்கப்போறா? எனக்கு அங்க போகணும். ரொம்பப் போகணும்.

மே 31, சனி

நீளமா எழுதணும் இன்னிக்கு.

திங்கக்கிழமை ஜூன் ரெண்டு. ஷெரின் மேடம் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. நேர்ல போய், வேண்டாம்னு முறையாச் சொல்லிட்டு, குடுத்த சர்டிபிகேட்டை எல்லாம் வாங்கிட்டு வந்துடலாம்னேன். நானும் வர்றேன்னார்.

மேடம் சர்டிபிகேட் கவரை எடுத்து மேசை மேல வெச்சாங்க. ஆனா கையை எடுக்கல.

“மேடம், ஒண்ணு ஆலோசிச்சுப் பாருங்கோ. நீங்க முதல்ல போங்கோ. ஒரு வருஷத்துல ஸாரைக் கூப்பிட்டுக்கலாம். அதுக்குள்ள ஸார் இங்க மூணு மாசம் ஸ்போக்கன் கிளாஸ் சேரட்டும். நாலரைக்கெல்லாம் வெட்கப்பட ஒண்ணுமில்லை கேட்டோ.”

அப்புறம் அவர் பக்கம் திரும்பி, இங்கிலீஷ்ல, சின்னப் புள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திக் கேட்டாங்க: ஸார். உங்களுக்கு. இங்கிலீஷ். கத்துக்க. விருப்பமா?

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டார். அப்புறம் இங்கிலீஷ்லயே பேச ஆரம்பிச்சார். நிறுத்தல. ஞாபகம் இருக்கறதைத் தமிழ்ல எழுதறேன்.

“நன்றி மேடம். வகுப்பு எனக்கு வேண்டாம். பதினாலு வருஷமா எங்க பம்பு ஏன் ஓடும், அவங்க போட்ட குழாய் ஏன் ஓடாதுன்னு வெளிநாட்டுக்காரங்களுக்கு இதே மொழியிலதான் விளக்கிட்டிருக்கேன். அன்னிக்குப் பரீட்சையில, எந்த ஊர்ல வாழ ஆசைப்படறீங்கன்னு கேட்டார். பொய் சொல்ல வரல. உண்மையை விளக்கிச் சொன்னா மார்க் போட்டுடுவார். அதனால பேசாம உக்காந்திருந்தேன். அவர் ரொம்ப நல்ல மனுஷன், தண்ணி வேணுமான்னு கேட்டார்.

“எனக்கு என் வேலை பிடிச்சிருக்கு. சம்பளம் கம்மி, சத்தம் ஜாஸ்தி, ஆனா பிடிச்சிருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை, சொன்னா துப்பில்லாதவன்னு நினைப்பாங்க. ஒரு நாள் டி.வி.யில பனி கொட்டறதைக் காட்டினாங்க. ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு சொன்னேன். சுத்திப் பாத்துட்டு வர்றதைச் சொன்னேன். அடுத்த வாரம் என் மனைவி உங்ககிட்ட அப்பாயின்ட்மெண்ட் வாங்கிட்டா.

“நாலு மணிக்கு எந்திரிக்கிறதுங்கறது எங்க வீட்டுல பழனிக்குப் போற அன்னிக்கு மட்டும்தான் நடக்கும். அவ நாலு மாசமா எந்திரிக்கிறா. பரீட்சை முடிஞ்ச அப்புறமும் எந்திரிக்கிறா. கட்டாத வீட்டுக்குப் படிக்கட்டு போட்டுட்டிருக்கா. நான் கூடப் போனா அவளுக்கு மார்க் குறையுது. இதை உங்க கம்ப்யூட்டர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நான் அங்க வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு வீட்டுல உக்காந்திருப்பேன், அவ வேலைக்கும் போய்ட்டு வந்து என் மூஞ்சியையும் பாத்துட்டிருக்கணும். இல்லைன்னு போட்டுடுங்க மேடம். பின்னாடி வர்றதைப் பத்தி இப்பப் பேச வேண்டாம். வருவேன்னு நான் சொல்லல.”

ஷெரின் மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க.

“ஸாரே, இது எட்டு பேண்டு.”

பேச்சுத் தேர்வு மார்க்கைப் பேண்டுன்னுதான் சொல்வாங்க. தொழில் பழக்கம். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. ஒன்பது வருஷத்துல என்கிட்ட இவ்வளவு நேரம் சேந்தாப்புல பேசினதில்லை. பேசினதும் எனக்கில்லை, ஒரு பாலக்காட்டு அம்மாவுக்கு, இங்கிலீஷ்ல. படிக்கட்டு போட்டதை எப்பப் பாத்தார்? அங்கயே வெச்சு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், அதுக்குள்ள அழுகை முந்திக்கிச்சு. மேடம் டிஷ்யூவை எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுன்னு சரியாப் பிரிச்சுக் குடுத்தாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு மேடம் திரையை என் பக்கம் திருப்பினாங்க. துணைவர் உடன் வருகிறாரா? ஆம், இல்லை. ரெண்டு வட்டம். “இதை நான் அமுக்கக் கூடாது. மெயின் அப்ளிகன்ட்தான் அமுக்கணும்.”

அவரைப் பாத்தேன். டிஷ்யூவை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுட்டிருந்தார். ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றதுன்னு கேட்டேன். அந்த நேரத்துல எனக்குக் கேக்கத் தோணினது அதுதான்.

“பூபதிக்கு மார்க் பத்தலைன்னு சொல்லிக்கலாம்.”

இல்லையை அமுக்கினேன். விண்ணப்பம் போயிடுச்சு. வயசு முப்பத்து நாலுன்னே ஏத்துக்கிச்சு.

படி இறங்கி வந்தோம். வண்டியில பின்னாடி உக்காந்தேன். எப்பவும் பின்கம்பியைப் பிடிச்சுக்குவேன், இன்னிக்கு அவர் தோளைப் பிடிச்சுக்கிட்டேன். கவுண்டம்பாளையம் சிக்னல்ல நின்னப்ப, ஹெல்மெட்டுக்குள்ள கேக்கற மாதிரி சத்தமாவே கேட்டேன்.

“ஏனுங்க, போக இஷ்டமில்லைன்னு என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்லைங்க?”

“சொல்லிருந்தா நீ போயிருக்க மாட்ட வாணி.”

பக்கத்து வண்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பாத்தார். சிக்னல் விழுந்துச்சு, கிளம்பிட்டோம்.

அவர் சொன்னது நிஜம்தான். தண்ணி மெஷினுக்கு மூணு வருஷம் எழுதினாரே, அன்னிக்கே எனக்குத் தெரியும். கேட்டிருந்தா சொல்லிருப்பார். அதனாலதான் நான் கேக்கல.